முதல் முறையாக அப்ரைசல் எழுதுபவருக்கு

கேட்டவர் கோவைப் பக்கம் பம்பு தயாரிக்கும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜர். பதவிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. கீழே ஒன்பது பேர்: ஷிப்ட் சூப்பர்வைசர்கள், மெயின்டெனன்ஸ் இன்ஜினியர், குவாலிட்டியில் இருவர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், அப்புறம் தன்னைவிட இருபது வயது மூத்த ஒரு ஃபோர்மேன். நிதியாண்டு முடிகிறது, ஹெச்ஆர் அப்ரைசல் (ஊழியர்களின் ஆண்டு வேலை மதிப்பீடு) படிவம் அனுப்பிவிட்டது, இரண்டு வாரம் அவகாசம். “என்ன எழுதுவது, குறையை எப்படி எழுதுவது? போன வருடத்துப் படிவங்களைப் புரட்டினால் எல்லாருக்கும் ஒரே இரண்டு வரிதான் இருக்கிறது” என்பது கேள்வி.

அந்த இரண்டு வரி எது என்று எனக்குத் தெரியும். “ஹார்டு ஒர்க்கர், சின்சியர், நல்ல டீம் பிளேயர். கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் ஆக வேண்டும்.” பெயரை அழித்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். யாருக்கும் கோபம் வராது, எழுதியவருக்குப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பல வருடம் ஹெச்ஆர் பக்கம் உட்கார்ந்து இந்தப் படிவங்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி எழுதப்பட்ட தாள்தான் நல்ல வேலைக்காரர்களுக்கு அதிகக் கெடுதல் செய்கிறது.

காரணம், அந்தத் தாளை யார் யார் படிக்கிறார்கள் என்று பார்த்தால் புரியும். முதலில் அந்த ஊழியர் படிக்கிறார். அடுத்து ரேட்டிங்கையும் ஹைக்கையும் (சம்பள உயர்வையும்) முடிவு செய்யும் அறையில் இருப்பவர்கள் படிக்கிறார்கள்: பிளான்ட் ஹெட், ஹெச்ஆர், ஃபைனான்ஸ். இவர்களில் பாதிப் பேர் அந்த ஊழியர் வேலை செய்வதை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றாவதாக, நீங்கள் வேறு பிரிவுக்குப் போனபின் உங்கள் நாற்காலிக்கு வரும் மேனேஜர் படிப்பார். ஊழியரை அறியாத ஒருவர் அதைப் படித்து அந்த வருடத்தில் அவர் என்ன செய்தார் என்று சொல்ல முடிய வேண்டும்; அந்த ஊழியர் படித்தால், பிடிக்காவிட்டாலும், “ஆமாம், இப்படித்தான் நடந்தது” என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் நிறைவேறினால் அது நல்ல அப்ரைசல். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மென்மையான சொல் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று நினைப்பவர்கள் தேவ் தத் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லைச் சாலைகள் துறையில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியராக இருந்தவர். அடுத்த பதவிக்குப் போக ஐந்து ஆண்டு அறிக்கையிலும் ‘மிக நன்று’ இருக்க வேண்டும். அவருக்கு 1993-94-ஆம் ஆண்டில் மட்டும் ‘நன்று’ என்று போட்டிருந்தார்கள். அது பாதகமான குறிப்பு இல்லை என்பதால் அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. பதவி உயர்வு போய்விட்டது. 2008-இல் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ எந்தப் பதிவானாலும் சம்பந்தப்பட்ட ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து முறையிட அவருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009 மே மாதம் மத்திய அரசின் பணியாளர் துறை, ரகசிய அறிக்கையாக இருந்ததை முழுவதும் ஊழியரிடம் காட்டும் அறிக்கையாக மாற்றி, மறுப்பு தெரிவிக்க 15 நாள் கொடுத்தது. தனியார் கம்பெனியை அந்த உத்தரவு கட்டாது. ஆனாலும் எழுதியவர் சாதாரணமாகப் போட்ட ஒரு சொல், ஒருவரை உச்ச நீதிமன்றம் வரை படி ஏற வைக்க முடியும் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பேனாவை எடுப்பதற்கு முன் சேகரிக்க வேண்டும். உங்களைப் போன்ற தொழிற்சாலையில் மார்ச் மாதம் ஒரு பெரிய பொறி. வருடக் கடைசி டிஸ்பாட்சுக்காக எல்லாரும் ஓடுகிறார்கள், சிலர் இரவு தங்கி லாரியை அனுப்புகிறார்கள். ஏப்ரலில் படிவத்தைத் திறக்கும்போது அவர்கள் முகம்தான் கண்முன் நிற்கும். ஜூன் மாதம் அமைதியாக ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்தவர் நினைவிலேயே இருக்க மாட்டார். அதே போல் மார்ச்சில் ஒரு தவறு செய்தவரின் பதினோரு மாத நல்ல வேலையும் மறைந்துவிடும்.

அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுத்து ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதங்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிரேக்டவுன் ரெஜிஸ்டர், ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட், கஸ்டமர் கம்ப்ளெயின்ட் ஃபைல், ஐஎஸ்ஓ ஆடிட்டில் வந்த குறிப்புகள், உங்கள் மெயில், முக்கியமாக ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப், இவற்றைப் பின்னோக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு யார் பதில் போட்டார், யார் போட்டோ எடுத்து அனுப்பி அடுத்த ஷிப்டை எச்சரித்தார் என்பதெல்லாம் தேதியோடு இருக்கும். மாதத்துக்கு ஒரு வரி கிடைத்தால் போதும். ஏதாவது ஒரு மாதம் காலியாகவே இருந்தால் அந்த ஆளிடமே கேளுங்கள்.

செல்ஃப் அப்ரைசல் படிவம் இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். நம் ஊரில் நன்றாக வேலை செய்பவர்கள் பலர் தன் பெருமையைத் தானே எழுதக் கூச்சப்பட்டு, “கொடுத்த வேலையைச் செய்தேன்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர் ஒன்றரைப் பக்கம் எழுதுவார். அந்த வித்தியாசம் வேலையில் உள்ள வித்தியாசம் இல்லை. கூச்சப்படுபவரிடம் நேரில் உட்கார்ந்து குறிப்பாகக் கேளுங்கள்: இந்த வருடம் எந்த வேலை உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது? நீங்கள் இல்லையென்றால் எது நின்றுபோயிருக்கும்? யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள்? இந்த மூன்று கேள்விக்கே பக்கம் நிறைந்துவிடும்.

அப்புறம் எழுதுவது. உங்கள் மெயின்டெனன்ஸ் இன்ஜினியரை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: “மெயின்டெனன்ஸ் வேலைகளைச் சிறப்பாகச் செய்கிறார். பிரச்சினைகளுக்கு உடனடித் தீர்வு காண்பவர். டாக்குமென்டேஷனில் முன்னேற்றம் தேவை.” இதையே நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

“ஜூன் மாதம் இரண்டாம் நம்பர் சிஎன்சி லேத்தில் ஸ்பிண்டில் பேரிங் சத்தம் மாறியதை ரவுண்ட்ஸில் கவனித்து, மெஷின் நிற்பதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரிங்கை மாற்றிக்கொடுத்தார். முந்தைய ஆண்டு இதே பழுதால் அந்த மெஷின் நான்கு நாள் நின்றது; இந்த ஆண்டு நிற்கவில்லை. மழைக்காலத்துக்கு முன் எல்லா எலக்ட்ரிகல் பேனல்களின் சீலையும் தானாகவே சரிபார்த்தார். செய்த வேலையை ரெஜிஸ்டரில் எழுதுவதில்லை. நவம்பரில் அவர் லீவில் இருந்தபோது கம்ப்ரசரில் கடைசியாக என்ன மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாததால் இரண்டு ஷிப்ட் தாமதமானது. வரும் ஆண்டில் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் பதிவு செய்ய வேண்டும். ஜூலைக்குள் இன்னொருவருக்கு முக்கிய மெஷின்களின் பராமரிப்பைக் கற்றுத்தர வேண்டும். இதற்காக வாரத்தில் ஒரு மதியம் அவரை பிரேக்டவுன் அழைப்புகளிலிருந்து விடுவிப்பது என் பொறுப்பு.”

படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ரேட்டிங் அறையில் இருப்பவருக்கு அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடுகிறது. எப்போது, என்ன செய்தார், அதனால் என்ன ஆனது, இனி என்ன வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. கடைசி வரியைக் கவனியுங்கள். குறையைச் சொல்லிவிட்டு அதைச் சரிசெய்ய மேனேஜர் என்ன செய்யப்போகிறார் என்று எழுதாவிட்டால், அடுத்த மார்ச்சிலும் அதே குறையைத்தான் எழுதுவீர்கள். “டாக்குமென்டேஷனில் முன்னேற்றம் தேவை” என்ற வரியை ஒரே ஆளுக்குத் தொடர்ந்து ஐந்து வருடம் எழுதிய படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடத்தில் யாரும் அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுக்கவில்லை.

நடந்த நிகழ்ச்சியை வைத்து மதிப்பிடுவது புதிய யோசனை இல்லை. ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்காக, விமானிகள் எந்தச் சந்தர்ப்பத்தில் என்ன செய்தார்கள் என்று குறிப்பாகத் திரட்டியதிலிருந்து வந்த முறை அது. 1954-இல் அதை விரிவாக எழுதினார். விமானி “திறமையானவர்” என்று நூறு பேர் சொன்னாலும் பயிற்சியில் எதை மாற்றுவது என்று தெரியாது. இறங்கும்போது என்ன தவறு செய்தார் என்று சொன்னால்தான் தெரியும்.

எழுத்தில் எண்களைச் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. எண்ணுக்குப் பக்கத்தில் காரணமும் இருக்க வேண்டும். குவாலிட்டி சூப்பர்வைசர் பொறுப்பில் இருக்கும் லைனில் இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) ரிஜெக்‌ஷன் கூடியிருக்கலாம். அது மெஷினிங்கில் அளவு தப்பியதா, ஃபவுண்டரியிலிருந்து வந்த காஸ்டிங்கிலேயே (வார்ப்பிலேயே) ப்ளோ ஹோல், அதாவது காற்றுக் குழி, இருந்ததா? இரண்டாவது என்றால் அதைக் கண்டுபிடித்து நிறுத்தியவர் அவர்தான். ரிஜெக்‌ஷன் கூடியதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். எண்ணை மட்டும் எழுதினால் அவருக்குத் தண்டனை கிடைக்கும், அடுத்த வருடம் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் செய்வார். இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பம்பு கடைசியில் ஒரு விவசாயியின் போர்வெல்லில்தான் போய் இறங்குகிறது.

குறைக்கு வருகிறேன். மேனேஜர்கள் திணறும் இடம் இதுதான். அதனால்தான் “ஆட்டிட்யூட் சரியில்லை”, “சீரியஸ்னஸ் இல்லை” என்று ஆளைப் பற்றி எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆளைப் பற்றி எழுதினால் அவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது, மனம்தான் புண்படும். இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1996-இல் கிளூகர், டெனிசி என்ற இருவர் ஃபீட்பேக் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஃபீட்பேக் சராசரியாக வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் வேலை முன்பைவிட மோசமானது. கவனம் வேலையிலிருந்து விலகி ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆகவே மனதில் “ஆட்டிட்யூட்” என்று ஒரு சொல் வந்தால் உடனே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் என்ன செய்ததைப் பார்த்து எனக்கு இப்படித் தோன்றுகிறது? ஒரு சூப்பர்வைசர் விஷயத்தில் பதில் இப்படி வரலாம்: “செப்டம்பரிலும் ஜனவரியிலும் குவாலிட்டி ஹோல்டு போட்டிருந்த லாட்டை, அவர்கள் கையெழுத்து இல்லாமல் அசெம்பிளிக்கு அனுப்பினார். ஜனவரி லாட்டில் ஒரு பகுதியைப் பிரித்து மறுபடி பூட்ட வேண்டிவந்தது.” இதை எழுதுங்கள். ஆட்டிட்யூட் என்ற சொல்லே தேவைப்படாது. அவர் மறுக்கவும் முடியாது, அதே சமயம் “டிஸ்பாட்ச் அழுத்தம் இருந்தது, குவாலிட்டியில் அந்த ஷிப்டில் ஆளே இல்லை” என்று பதில் சொல்லவும் முடியும். அந்தப் பதில் உண்மையாக இருந்தால் சரிசெய்ய வேண்டியது ஷிப்ட் அமைப்பை.

எத்தனை குறை எழுதுவது? ஒருவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஏழு குறையை ஒரே தாளில் படிப்பவர் எதையும் திருத்த மாட்டார். எது மாறினால் அவர் வேலையில் அதிக வித்தியாசம் தெரியுமோ அதைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பாதுகாப்புத் தடுப்பு இல்லாமல் பிரஸ் மெஷினை ஓட்டவிட்டார் என்றால் அதை முதல் வரியிலேயே, எந்தப் பூச்சும் இல்லாமல் எழுதுங்கள்.

இன்னொன்று. ஆகஸ்டில் நடந்த தவறை அவர் முதல் முறையாக ஏப்ரலில் படிவத்தில் படிக்கக்கூடாது. அப்படிப் படித்தால், எட்டு மாதம் சொல்லாமல் இருந்த உங்களைத்தான் அவர் குறை சொல்வார், அதில் நியாயமும் இருக்கும். உங்கள் பட்டியலில் அப்படிப்பட்ட விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், படிவத்தைக் கொடுப்பதற்கு முன் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒருவரிடம் ஒரு குணம் பிடித்துப்போனால் எல்லாக் கட்டத்திலும் அதிக மதிப்பெண் விழும். 1920-லேயே எட்வர்ட் தார்ன்டைக் இதைக் காட்டினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழ் உள்ளவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை என்று தனித்தனியாகத்தான் மதிப்பெண் போட்டார்கள். ஆனால் ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்திருந்தார். நடைமுறையில் இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒருவருடைய படிவத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போகாதீர்கள். முதல் கேள்விக்கு ஒன்பது பேருக்கும் எழுதுங்கள், பிறகு இரண்டாவது கேள்விக்கு ஒன்பது பேருக்கும். ஒரே அளவுகோலால் எல்லாரையும் அளப்பது தானாக நடக்கும்.

“எப்போதும் லேட்டாக இருந்து வேலை செய்வார்” என்பதைப் பாராட்டாக எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண் சூப்பர்வைசர் தன் வேலையை ஐந்தரைக்குள் முடித்துவிட்டுப் போகிறார். எட்டு மணி வரை இருப்பவர் என்ன முடித்தார் என்று எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனார் என்பது தேவையில்லை. மகப்பேறு விடுப்பும் இப்படித்தான். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சட்டப்படி உண்டு. விடுப்பில் இருந்தவரை, வேலையில் இருந்த மாதங்களை வைத்து மட்டும் மதிப்பிடுங்கள், இலக்கையும் அந்த மாதங்களுக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளுங்கள். “இந்த ஆண்டு குறைந்த நாட்களே இருந்ததால் சராசரி” என்ற வரி எந்தப் படிவத்திலும் வரக்கூடாது.

மொழியைப் பற்றி ஒரு யோசனை. உங்கள் படிவம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பலர் நேராக ஆங்கிலத்தில் தொடங்குவதால்தான் இணையத்தில் கிடைக்கும் அதே பத்து வாக்கியங்களில் போய் விழுகிறார்கள். முதலில் தமிழில், உங்கள் அண்ணனிடம் அந்த ஆளைப் பற்றிச் சொல்வது போல எழுதிவிடுங்கள். “இந்தப் பையன் அன்றைக்கு இல்லை என்றால் அந்த ஆர்டர் போயிருக்காது” என்று தொடங்கினால் அடுத்த வரியில் என்ன ஆர்டர், என்ன செய்தார் என்பது வந்துவிடும். பிறகு எளிய ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம். சாட்ஜிபிடி போன்றவற்றை மாற்றிக்கொடுக்கச் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஊழியரின் பெயரையும் கம்பெனி விவரங்களையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஆனால் உள்ளே என்ன எழுதுவது என்பதை அதனிடம் விட்டால் மறுபடியும் “டீம் பிளேயர்” தான் வரும், இன்னும் அழகான சொற்களில்.

இப்போது ஃபோர்மேன். நீங்கள் கேள்வியில் ஒரு வரியில்தான் சொன்னீர்கள், ஆனால் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருப்பது இவரால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் டிப்ளமோவோ டிகிரியோ படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் அந்த ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். பேசும்போது அவரை “அண்ணே” என்றுதான் கூப்பிடுவீர்கள். அப்ரைசல் நாளிலும் அப்படியே கூப்பிடுங்கள். ஒரு நாளுக்கு மட்டும் “மிஸ்டர்” போட்டு அந்நியமாக்க வேண்டாம்.

இவர் விஷயத்தில் இரண்டு விதமாகத் தவறு நடக்கும். வயதுக்கு மரியாதை என்று எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு ஒன்றும் எழுதாமல் விடுவது ஒன்று. “பழைய ஆள், புது விஷயம் ஏறாது” என்று மனதுக்குள் முடிவு செய்து சராசரி போடுவது இன்னொன்று. இரண்டிலும் அவர் செய்த வேலை காணாமல் போகிறது. முப்பது வருட அனுபவம் உள்ளவரின் பங்களிப்பு பெரும்பாலும் எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது. ஷாஃப்ட் ரன் அவுட்டை (சுற்றும்போது வரும் ஆட்டத்தை) டயல் கருவி வைப்பதற்கு முன்பே கையால் சுற்றிப் பார்த்துச் சந்தேகப்படுவார். புதிதாக வந்த அப்ரன்டிஸ் யாரிடம் போய் நிற்கிறான் என்று பாருங்கள். அதைத் தேடி எடுத்து எழுதுவது உங்கள் கடமை. “இந்த ஆண்டு சேர்ந்த அப்ரன்டிஸ்களில் மூவர் இன்று தனியாக அசெம்பிளி செய்கிறார்கள், மூவருக்கும் கற்றுக்கொடுத்தவர் இவர்” என்று ஒரு மேனேஜர் எழுதினால் அந்த மனிதர் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்.

குறை என்று பார்த்தால், புரொடக்‌ஷன் என்ட்ரியை ஈஆர்பியில் (கம்பெனிக் கணக்குக் கம்ப்யூட்டர் மென்பொருளில்) தானே போடாமல் பையனைப் போடச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதும் முன் கேளுங்கள். ஸ்க்ரீனில் எழுத்து தெரியவில்லையா, பாஸ்வேர்டு சிக்கலா, இளைஞர்கள் முன்னால் தப்பாக அழுத்திவிடுவோமோ என்ற தயக்கமா? காரணம் தெரிந்தால் தீர்வும் சேர்த்து எழுதலாம். பேச்சை ஷாப் ஃப்ளோரில் நடத்தாதீர்கள். மூடிய அறையில், அவசரம் இல்லாத நேரத்தில், டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். “அண்ணே, இந்த வருடம் ஷாப் எப்படிப் போச்சு, நீங்க சொல்லுங்க” என்று அவரிடம் முதலில் கேளுங்கள். அவரே பாதியைச் சொல்லிவிடுவார்.

ரேட்டிங்குக்கு வருவோம். எழுத்தை முடித்த பிறகுதான் ரேட்டிங்கைப் போட வேண்டும். முதலில் எண்ணைப் போட்டுவிட்டு அதற்குத் தகுந்தபடி எழுதினால், எழுத்து முழுவதும் எண்ணுக்கு வக்காலத்து வாங்கும். எல்லாருக்கும் மூன்று போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை என்ற எண்ணமும் வேண்டாம். உங்களுடைய சிறந்த ஆள்தான் அந்த மூன்றைப் பார்த்துவிட்டு எதிர்ச் சாலையில் இருக்கும் கம்பெனிக்குப் போவார். அப்புறம், உங்கள் எண்ணில் உங்கள் சாயல் எவ்வளவு இருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மேனேஜர்களுக்கு வந்த ரேட்டிங்குகளை அலசியபோது, ரேட்டிங் வேறுபாட்டில் பாதிக்கு மேல் ரேட்டிங் போட்டவரின் தனிப்பட்ட போக்கையே காட்டியது. அதனால் படிவங்களை ஹெச்ஆருக்கு அனுப்பும் முன், உங்கள் ஆட்களைத் தெரிந்த இன்னொரு பிரிவு மேனேஜரோடு உட்கார்ந்து ஒரு முறை வாசியுங்கள்.

உங்கள் கம்பெனியில் பெல் கர்வ் (இத்தனை சதவீதம் பேருக்கு இந்த ரேட்டிங் என்று முன்கூட்டியே பிரிக்கும் முறை) இருந்தால், நீங்கள் போட்ட மதிப்பெண்ணை அந்தக் கணக்குக்குள் பொருத்தும் நார்மலைசேஷனில் அது குறையலாம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் காலத்தில் மேல் 20, நடு 70, கீழ் 10 சதவீதம் என்று பிரித்ததைப் பார்த்துப் பலர் தொடங்கினார்கள். மைக்ரோசாஃப்ட் 2013-இல் இப்படி வரிசைப்படுத்துவதைக் கைவிட்டது. ஒன்பது பேரில் கட்டாயம் ஒருவர் மோசம் என்று முன்கூட்டியே முடிவு செய்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஆனாலும் அந்த முறை இருக்கும் இடத்தில், மீட்டிங்கில் உங்களைக் காப்பது நீங்கள் எழுதிய தேதியும் நிகழ்ச்சியும்தான். “நல்ல பையன் சார்” என்று சொல்லும் மேனேஜரின் ஆளுக்குத்தான் முதலில் வெட்டு விழும்.

அப்படியும் குறைத்துவிட்டால் ஊழியரிடம் என்ன சொல்வது? “நான் நல்லாத்தான் போட்டேன், மேலே குறைச்சுட்டாங்க” என்ற வாக்கியம் நம் கம்பெனிகளில் மிகப் பழக்கமானது. தயவுசெய்து சொல்லாதீர்கள். சொன்னால், மேலே இருப்பவர்கள் மீதும் நம்பிக்கை போகும், உங்களால் எதுவும் ஆகாது என்பதும் தெரிந்துவிடும். என்ன காரணம் சொல்லிக் குறைத்தார்கள் என்று மீட்டிங்கிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் அதை மேலே எழுத்தில் பதிவு செய்யுங்கள். குறைந்த எண்ணுக்குப் பொருந்தும்படி நீங்கள் எழுதியதைத் திருத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். நடந்தது நடந்ததுதான்.

ஹைக் பேச்சை இதோடு கலக்க வேண்டாம். ஜெனரல் எலக்ட்ரிக்கிலேயே நடந்து 1965-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சொன்னது: சம்பளமும் முன்னேற்றமும் ஒரே உட்காரலில் பேசப்பட்டால் ஆட்கள் தற்காப்பில் இறங்கிவிடுகிறார்கள், குறையைக் கேட்ட விஷயத்தில் முன்னேற்றம் குறைவாக இருக்கிறது. நம் அனுபவமும் அதுதான்; எத்தனை சதவீதம் என்று தெரியும்வரை எதிரில் இருப்பவர் காதில் வேறு எதுவும் விழாது. ஹைக் கடிதம் வேறு ஒரு நாள் வரட்டும்.

பேசும் நாளுக்கு முந்தைய மாலையே படிவத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பற்றி எழுதியதை முதல் முறையாகப் படிக்கச் சொல்வது அநியாயம். மறுநாள் அவர் சொல்வதில் தகவல் பிழை இருந்தால் அங்கேயே திருத்துங்கள். கருத்து வேறுபாடு இருந்தால் அவர் தன் பகுதியில் எழுதட்டும். கையெழுத்து “படித்தேன்” என்பதற்குத்தான், “ஒத்துக்கொள்கிறேன்” என்பதற்கு இல்லை என்று வாயால் சொல்லிவிடுங்கள். பலர் இந்தப் பயத்திலேயே கையெழுத்துப் போடத் தயங்குவார்கள்.

அடுத்த வருடத்துக்கு இப்போதே ஒரு நோட்டு வாங்கி ஒன்பது பேருக்கும் பக்கம் ஒதுக்குங்கள். சனிக்கிழமை கிளம்பும் முன் பத்து நிமிடம் அந்த வாரத்தில் கண்ணில் பட்டதை எழுதிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்து ஒவ்வொருவரிடமும் பேசினால் வருடக் கடைசியில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. அடோபி போன்ற நிறுவனங்கள் 2012 முதல் ஆண்டு மதிப்பீட்டையே விட்டுவிட்டு இப்படி அடிக்கடி பேசும் முறைக்குப் போனதும் இதற்காகத்தான்.

இந்த இரண்டு வாரத்தில் முதல் மூன்று நான்கு நாளைச் சேகரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதத் தொடங்கும்போது ஃபோர்மேனிடமிருந்தோ சண்டைக்கார சூப்பர்வைசரிடமிருந்தோ தொடங்க வேண்டாம். எழுத எதுவுமே தோன்றாத ஆள் ஒருவர் இருப்பார்; பெரும்பாலும் அது உங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருக்கும். எந்தப் புகாரும் வராததால் வருடம் முழுக்க நீங்கள் அவர் பக்கம் போயிருக்க மாட்டீர்கள். நாளைக்குக் காலையில் ஸ்டோர்ஸுக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். பேரிங் எங்கே, சீல் எங்கே, எது தீரப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். அவர் படிவத்தை முதலில் எழுதுங்கள்.